தொழிலாளர் வழக்குக்கு ‘முன்னணி’ சட்ட நிறுவனம் எது?

9 மார்ச் 2025 – வாசகர் ஒருவரின் கேள்வி

ஒரகடத்தில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்த என் தம்பியை, ஷிப்ட் சூப்பர்வைசரை எதிர்த்துப் பேசினான் என்று உள்விசாரணை நடத்தி, ஜனவரியில் பணிநீக்கம் செய்துவிட்டார்கள். நிர்வாகத்துக்குப் பெரிய சட்ட நிறுவனம் ஒன்று இருக்கிறது. அதற்கு ஈடான ஒன்றை நாங்களும் அமர்த்த நினைக்கிறோம். சென்னையில் தொழிலாளர் சட்டத்தில் முன்னணி நிறுவனங்கள் எவை? இணையத்தில் ‘முதல் பத்து’ என்று பல பட்டியல்கள் இருக்கின்றன. எதை நம்புவது?

10 மார்ச் 2025

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஒரு பொறியியல் தொழிற்சாலையின் பணியாளர் துறையில் இருபத்தாறு ஆண்டுகள் இருந்தவன் நான். நூற்றுக்கும் மேற்பட்ட குற்றச்சாட்டுக் குறிப்பாணைகளைத் தயாரித்தவன். கடைசியில் எனக்கென்று ஒரு பணிநீக்கக் கடிதத்தையும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தவன். மேசையின் இரண்டு பக்கத்திலும் உட்கார்ந்த ஒருவனுடைய கருத்து என்று இதை எடுத்துக்கொள்ளவும்.

முதலில் கேள்வியைத் திருத்த வேண்டியிருக்கிறது. சொத்து வழக்கில் இன்று வாதிக்காக நிற்கும் வழக்கறிஞர் நாளை வேறொரு வழக்கில் பிரதிவாதிக்காக நிற்பார். அதில் யாருக்கும் வருத்தமில்லை. தொழிலாளர் சட்டம் அப்படியல்ல. இங்கே நிர்வாகத்துப் பக்கம், தொழிலாளர் பக்கம் என்று ஏறக்குறைய வாழ்நாள் முழுவதற்கும் ஒரு கோடு போடப்பட்டுவிடுகிறது. அந்தக் கோட்டைத் தாண்டி வழக்கு நடத்துபவர்கள் மிகக் குறைவு. சென்னை உயர் நீதிமன்றத்தின் தொழிலாளர் தீர்ப்புகளைப் புரட்டிப் பார்த்தால் டி.எஸ்.கோபாலன் அண்ட் கோ, எஸ்.ராமசுப்பிரமணியம் அண்ட் அசோசியேட்ஸ் ஆகிய பெயர்கள் மீண்டும் மீண்டும் வரும். இரண்டும் பெயர் பெற்ற நிறுவனங்கள்தான். ஆனால் அப்பெயர்கள் பெரும்பாலும் நிர்வாகத்தின் வரிசையில்தான் இருக்கும். ஆகவே ‘முன்னணி நிறுவனம் எது’ என்பதற்கு முன்னால் ‘எந்தப் பக்கத்தில்’ என்று கேட்க வேண்டும். தொழிலாளர் பக்கத்தில் நிறுவனம் என்று எதுவுமில்லை. தனி வழக்கறிஞர்கள்தான் இருக்கிறார்கள்.

பட்டியல்களைப் பற்றி: இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் 36ஆம் விதி, வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. 2008இல் செய்த திருத்தம், பெயர், முகவரி, தகுதி, எந்தத் துறையில் தொழில் செய்கிறார் என்பன போன்ற சில விவரங்களை மட்டும் இணையதளத்தில் வைத்துக்கொள்ள இடம் கொடுத்தது. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், வழக்கறிஞர்களுக்கு நட்சத்திரம் போட்டு வரிசைப்படுத்தி வாடிக்கையாளர் பிடித்துக்கொடுக்கும் இணையதளங்கள் மீது நடவடிக்கை எடுக்கும்படி வழக்கறிஞர் மன்றத்துக்கு உத்தரவிட்டது. நீங்கள் பார்த்த ‘முதல் பத்து’ எந்த வகை என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

11 மார்ச் 2025

நேற்றைய குறிப்பின் ஒரு வாக்கியத்தைத் திரும்பப் பெறுகிறேன். தொழிலாளர் பக்கத்தில் நிறுவனமே இல்லை என்று எழுதியது தவறு. ஒரு வாசகர் ‘ரோ அண்ட் ரெட்டியை மறந்துவிட்டீர்களா’ என்று ஒற்றை வரியில் கேட்டிருக்கிறார். மறந்திருக்கக் கூடாது. பாரிஸ்டர் வி.ஜி.ரோவின் பெயரைத் தாங்கிய நிறுவனம் அது. 1952இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ‘சென்னை மாநிலம் எதிர் வி.ஜி.ரோ’ வழக்கின் அதே ரோ. சங்கம் அமைக்கும் உரிமைக்கு எந்த அளவு கட்டுப்பாடு நியாயமானது என்பதற்கு இன்றும் அந்தத் தீர்ப்பைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள். பின்னாளில் நீதிபதியான கே.சந்துரு தம் தொழிலின் முதல் எட்டு ஆண்டுகளை அங்கேதான் கழித்தார்.

நான் மறந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. எங்கள் அலுவலகத்தில் அந்தப் பெயரை யாரும் முழுதாகச் சொல்லமாட்டார்கள். ‘அவங்க வந்திருக்காங்க’ என்றால் போதும். தொழிற்சாலை மேலாளர் உடனே எங்கள் சட்ட நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைப்பார்.

14 மார்ச் 2025

கேட்டவர் தம்பியின் கடிதங்களைச் சுருக்கி எழுதியிருக்கிறார். சங்கம் இருக்கிறது, ஆனால் பலவீனமாக இருக்கிறது என்கிறார். ‘எப்படியாவது பெரிய நிறுவனம் ஒன்றை வைத்து சமரசப் பேச்சிலேயே முடித்துவிட வேண்டும்’ என்கிறார். இங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள்.

தொழிற்தகராறுகள் சட்டத்தின் 36ஆம் பிரிவைப் படியுங்கள். தகராறைப் பேசித் தீர்க்க அரசு நியமிக்கும் சமரச அலுவலர் முன்னிலையில் எந்தத் தரப்புக்காகவும் வழக்கறிஞர் வர முடியாது, தடை முழுமையானது. தொழிலாளர் நீதிமன்றத்திலும் தீர்ப்பாயத்திலும் எதிர்த்தரப்பு ஒப்புக்கொண்டு, நீதிமன்றமும் அனுமதித்தால் மட்டுமே வழக்கறிஞர் வரலாம். இந்தத் தடையை எழுதியவர்கள், பணம் படைத்த பக்கம் பெரிய வக்கீலை அமர்த்தி, சட்ட நுணுக்கம் பேசி, கூலித் தகராறைக் கோர்ட்டு வழக்காக்கி ஆண்டுக்கணக்கில் இழுக்கும் என்று பயந்தார்கள். பயம் நியாயமானது என்பதற்கு என் பணிக்காலமே சாட்சி. நாட்டின் ‘முன்னணித் தொழிலாளர் சட்ட நிறுவனங்கள்’ அனைத்தும், வழக்கறிஞர் உள்ளே வரக் கூடாது என்று சொல்லும் ஒரு சட்டத்தை வைத்துத்தான் வளர்ந்தன என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வருகிறது.

எப்படி வளர்ந்தன? நிர்வாகங்கள் வேறு வழி கண்டுபிடித்தன. முதலாளிகள் சங்கத்தின் அலுவலர் நிர்வாகத்தின் பிரதிநிதியாக வரலாம் என்று அதே 36ஆம் பிரிவு சொல்கிறது. அப்படியானால் வழக்கறிஞரையே சங்கத்தின் அலுவலராக ஆக்கிவிட்டால்? பாரதீப் துறைமுக வழக்கில் 1976இல் உச்ச நீதிமன்றம், ஒருவர் வழக்கறிஞராக இருப்பதால் மட்டும் சங்க அலுவலர் என்ற தகுதியை இழக்கமாட்டார் என்று சொன்னது. அதே தீர்ப்பு, வழக்கறிஞர் என்ற முறையில் வந்தால் எதிர்த்தரப்பின் ஒப்புதல் கட்டாயம் என்பதையும் உறுதிப்படுத்தியது. முன்வாசலைப் பூட்டிவிட்டுப் பக்கவாசலைத் திறந்துவைத்த தீர்ப்பு அது என்று எங்கள் சட்ட நிறுவனத்தின் பெரியவர் சொல்லுவார்.

எனவே தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத் தொழிலாளர் துறை அலுவலகத்திலோ வேறெங்கோ நடக்கும் சமரசப் பேச்சில் உங்கள் தம்பி, சங்க நிர்வாகி, எதிரே நிர்வாகத்தின் மனிதவள அலுவலர் ஆகியோர் மட்டும்தான் இருப்பார்கள். பெரிய நிறுவனத்தின் பெயர்ப்பலகை அந்த அறைக்குள் வராது. அது எழுதிக்கொடுத்த தாள் வரும். நானே எத்தனையோ முறை அப்படிப்பட்ட தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போயிருக்கிறேன்.

15 மார்ச் 2025

கேட்டவருக்கு ஒரு வேண்டுகோள்: வழக்கறிஞர் தேடுவதை ஒரு வாரம் தள்ளிவையுங்கள்; சமரச அலுவலருக்கு விண்ணப்பம் கொடுப்பதைத் தள்ளிவைக்காதீர்கள். அதே தொழிற்தகராறுகள் சட்டத்தின் 2ஏ பிரிவின்படி தனித் தொழிலாளி விண்ணப்பம் கொடுத்து 45 நாள் கழிந்தால், அரசின் பரிந்துரைக்காகக் காத்திராமல் நேராகத் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போகலாம். பணிநீக்கத் தேதியிலிருந்து மூன்றாண்டுகளுக்குள் போக வேண்டும். நாடு முழுவதற்கும் 2010இல் வந்த இந்த வசதியைத் தமிழ்நாடு தன் திருத்தத்தின் மூலம் 1988லேயே வேறு வடிவில் கொடுத்திருந்தது. அதற்கு முன்பெல்லாம் சமரசம் முறிந்தது என்ற அறிக்கை அரசுக்குப் போய், அரசு மனம் வைத்தால்தான் வழக்கு. அந்தக் காலத்தில் ‘முன்னணி’ வழக்கறிஞர் என்றால் கோட்டையில் எந்தப் பிரிவில் கோப்பு தூங்குகிறது என்று தெரிந்தவர்.

23 மார்ச் 2025

‘நிர்வாகத்துச் சட்ட நிறுவனங்கள் என்னதான் செய்கின்றன, எல்லாம் பணியாளர் துறையே செய்துவிடும் போலிருக்கிறதே’ என்று ஒரு வாசகர் கேலி செய்திருக்கிறார். நல்ல கேள்வி, பதில் என் தலைக்கே தீங்காக முடியும் ஒரு கதை.

எங்கள் தொழிற்சாலையில் ஊதிய உயர்வுத் தகராறு தீர்ப்பாயத்தில் நிலுவையில் இருந்தபோது, அதற்குத் தொடர்பில்லாத ஒழுங்கீனத்துக்காக ஒரு தொழிலாளியைப் பணிநீக்கம் செய்தோம். நிலுவைக் காலத்தில் அப்படிச் செய்தால் 33(2)(பி) பிரிவின்படி ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்து, அதே நடவடிக்கையின் பகுதியாகத் தீர்ப்பாயத்தில் ஒப்புதல் மனுவும் போட வேண்டும். எங்கள் சட்ட நிறுவனம் எழுதிய கடிதத்தில் பணிநீக்கம், சம்பளம், மனு என மூன்று கட்டங்களும் தெளிவாக இருந்தன. சம்பளத்தைக் கணக்கிட்டவன் நான். அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் கூட்டினேன். வீட்டு வாடகைப்படியை விட்டுவிட்டேன். சட்டத்தில் ‘சம்பளம்’ என்ற சொல்லின் விளக்கத்தில் படிகளும் அடங்கும் என்பது எனக்குத் தெரியாததல்ல. வெள்ளிக்கிழமை மாலை, அவசரம், அவ்வளவுதான். சில நூறு ரூபாய் குறைந்தது. ஒப்புதல் மறுக்கப்பட்டது. 2002இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொன்னபடி, ஒப்புதல் கிடைக்காவிட்டால் பணிநீக்கம் நடக்கவேயில்லை என்று ஆகிவிடும். அந்தத் தொழிலாளி முழுச் சம்பள பாக்கியுடன் திரும்பி வந்தார். முதல் நாள் என் அறைக்கு வந்து, ‘சார், வாடகைப்படி இந்த மாசமாவது வருமா?’ என்று கேட்டார்.

ஒரு சட்ட நிறுவனம் எவ்வளவு பெரியதாக இருந்தாலும், அது எழுதியதை நிறைவேற்றும் கை எங்கோ ஒரு அலுவலகத்தில் அவசரத்தில் இருக்கிறது. தொழிலாளர் பக்கத்து வழக்கறிஞருக்கு அந்தக் கை எங்கே வழுக்கும் என்று தெரியும். உங்கள் தம்பியின் காகிதங்களில் முதலில் தேட வேண்டியது அப்படிப்பட்ட வழுக்கலைத்தான்.

24 மார்ச் 2025

மேலேயுள்ள குறிப்பில் ‘சில நூறு ரூபாய்’ என்றது என் நினைவிலிருந்து. என் மனைவி, அது நூற்றைம்பதைத் தாண்டாது என்றும், அன்று இரவு நான் சாப்பிடாமல் படுத்ததால் தனக்கு நன்றாக நினைவிருக்கிறது என்றும் சொல்கிறார். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

6 ஏப்ரல் 2025

சேம்பர்ஸ் அண்ட் பார்ட்னர்ஸ், லீகல் 500 போன்ற சர்வதேச வரிசைகளைப் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். அவை மேலே சொன்ன இணையதளங்களைப் போன்றவை அல்ல. முறையான ஆய்வு இருக்கிறது. ஒவ்வொரு நிறுவனமும் அந்த ஆண்டு செய்த முக்கியப் பணிகளை எழுதி அனுப்பும். கருத்துச் சொல்லக்கூடிய கட்சிக்காரர்களின் பெயர்களையும் கொடுக்கும். ஆய்வாளர்கள் அவர்களிடம் கேட்டு வரிசைப்படுத்துவார்கள். இந்திய வேலைவாய்ப்புச் சட்டப் பிரிவில் ட்ரைலீகல், கைத்தான் அண்ட் கோ, சிரில் அமர்சந்த் மங்கள்தாஸ் போன்ற பெயர்கள் வருவது அப்படித்தான். நிறுவன இணைப்பின்போது பணியாளர்களை மாற்றுவது, மேலதிகாரிகளின் ஒப்பந்தம், பாலியல் துன்புறுத்தல் தடுப்புக் குழு அமைப்பது, பல மாநிலங்களுக்கும் பொருந்தும் விதிமுறைகளை எழுதுவது போன்றவற்றில் அவர்களுக்கு நிகரான ஆள்பலம் உள்ளூரில் இல்லை. ஆனால் அந்த முறையில் கட்சிக்காரராகப் பேசுவது யார்? நிர்வாகத்தின் சட்டத் துறைத் தலைவர். மதுரையிலோ சேலத்திலோ தொழிலாளர் நீதிமன்றத்தில் ஆயிரம் பேரை மீண்டும் வேலையில் உட்காரவைத்த வழக்கறிஞர் எதையும் எழுதி அனுப்பமாட்டார். அவருடைய கட்சிக்காரர்களை எந்த ஆய்வாளரும் கூப்பிடமாட்டார்.

இன்னொன்று. எங்கள் மும்பை அலுவலகம் ஒருமுறை, பெயர் சொல்லத் தேவையில்லாத ஒரு தேசிய நிறுவனத்திடம் அம்பத்தூருக்கான தற்காலிகப் பணி ஒப்பந்தத்தை எழுதி வாங்கியது. கட்டு அழகாக இருந்தது; காகிதம்கூட வழவழப்பு. முப்பது மாத ஒப்பந்தம். தமிழ்நாட்டில் 1981ஆம் ஆண்டின் நிரந்தரத் தகுதி வழங்கும் சட்டம் என்று ஒன்று இருக்கிறது; 24 மாதங்களில் 480 நாள் தொடர்ந்து வேலை செய்தவர் நிரந்தரமாகிவிடுவார். அந்தக் கட்டில் இந்தச் சட்டத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. அதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் எங்கள் சென்னை வழக்கறிஞருடைய குமாஸ்தா. ‘சார், நானூற்றி எண்பதை எங்க வச்சிருக்காங்க?’ என்றார். தொழிற்சங்கக்காரர்கள் அந்த எண்ணைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள்.

8 ஏப்ரல் 2025

‘சட்ட நிறுவனங்களும் நீதிமன்றமும் தொழிலாளர் விஷயத்துக்குள் எப்போது வந்தன’ என்று கேட்டிருப்பவருக்குச் சுருக்கமாக: சென்னையில் தொடக்கத்திலேயே. 1918 ஏப்ரலில் பி.பி.வாடியா தலைமையில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு, திரு.வி.க. ஆகியோர் உடன் நின்றார்கள். பின்னி ஆலை நிர்வாகம் உயர் நீதிமன்றம் சென்று, தொழிலாளர்களை வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டக் கூடாதென்று வாடியா மீது தடையாணை வாங்கியது. சங்கம் நடத்துவதே சட்டப்படி தவறாகிவிடும் என்ற நிலை அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது, என்.எம்.ஜோஷி போன்றவர்கள் மத்திய சட்டமன்றத்தில் போராடி 1926இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் 18ஆம் பிரிவு தந்த பாதுகாப்பு, வாடியாவுக்கு நேர்ந்தது இன்னொருவருக்கு நேரக் கூடாது என்பதற்காகத்தான். முதலாளிகளும் சும்மா இருக்கவில்லை. தென்னிந்திய முதலாளிகள் கூட்டமைப்பு 1920இல் சென்னையில் தோன்றியது. 36ஆம் பிரிவின் பக்கவாசல் என்று சொன்னேனே, அது இம்மாதிரி கூட்டமைப்புகளின் வழியாகத்தான்.

29 மே 2025

சமரசத்தில் நிர்வாகம் மூன்று அமர்விலும் ‘பரிசீலிக்கிறோம்’ என்று சொல்லி எழுந்துபோனதாகக் கேட்டவர் எழுதியிருக்கிறார். நான் சட்டைப் பையில் எடுத்துப்போன தாள்களிலும் அந்தச் சொல்தான் இருக்கும். 45 நாள் தாண்டிவிட்டது. இப்போது வழக்கறிஞர் தேடலாம்.

என்னுடைய சொந்த வழக்கைச் சொல்ல வேண்டிய நேரம் வந்துவிட்டது, தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். கடைசி நான்கு ஆண்டுகள் என்னை அண்ணா சாலையிலிருந்த தலைமை அலுவலகத்துக்கு மாற்றியிருந்தார்கள். புதிய நிர்வாகம் வந்தது. ‘மறுசீரமைப்பு’ என்ற சொல்லுடன் எனக்கும் கடிதம் வந்தது. எனக்குத் தெரிந்த மூன்று பெரிய நிறுவனங்களுக்கும் போனேன். மூன்று இடத்திலும் காபி கொடுத்தார்கள். மூன்று இடத்திலும் ‘உங்கள் கம்பெனி எங்கள் கட்சிக்காரர்’ என்றார்கள். அது அவர்களுடைய தொழில் ஒழுக்கம், குறைசொல்ல முடியாது. அந்தக் கம்பெனியைக் கட்சிக்காரராக அவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்ததே நான்தான் என்பது மட்டும்தான் வலித்தது.

பிறகு, பத்தாண்டுகளாக எங்களுக்கு எதிராக நின்ற தொழிலாளர் பக்கத்து மூத்த வழக்கறிஞர் ஒருவரிடம் போனேன். உயர் நீதிமன்றத்துக்கு எதிர்ப்புறம் மாடியில் ஒரே அறை. பழைய கட்டு ஒன்றை எடுத்து, குற்றச்சாட்டுக் குறிப்பாணை ஒன்றின் அடியைக் காட்டி, ‘இந்தக் கையெழுத்து உங்களுடையதுதானே?’ என்றார். ஆம் என்றேன். ‘நல்ல தமிழில் எழுதுவீர்கள், அதனால் குறுக்கு விசாரணை செய்வது சுலபமாக இருந்தது’ என்றார். பிறகு என் கடிதத்தைப் படித்தார்.

நான் தொழிற்தகராறுகள் சட்டத்தின்படி ‘தொழிலாளி’ அல்ல. மேலாளர் என்ற பட்டமும் சம்பளமும் என்னை வெளியே தள்ளிவிடும். ஆனால் தலைமை அலுவலகம் ஒரு வணிக நிறுவனம். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947இன் 41ஆம் பிரிவு, ஆறு மாதத்துக்குமேல் வேலை பார்த்தவரை நியாயமான காரணமும் ஒரு மாத அறிவிப்பும் இன்றி நீக்க முடியாது என்கிறது. அதன்கீழ்த் தொழிலாளர் துணை ஆணையரிடம் மேல்முறையீடு செய்யலாம். காலக்கெடு முப்பது நாள். எனக்கு இருபத்திரண்டு நாள் போய்விட்டிருந்தது. காபி குடித்ததிலேயே பாதி. அச்சட்டம் நிர்வாகப் பொறுப்பில் இருப்பவரை விலக்குகிறது. ஆகவே நான் நிர்வாகப் பொறுப்பில் இல்லை என்று நிரூபிக்க வேண்டும். ‘யாருக்காவது ஒருநாள் விடுப்பு நீங்களாகக் கொடுத்ததுண்டா?’ என்று கேட்டார். பொது மேலாளர் கையெழுத்து இல்லாமல் கொடுத்ததில்லை. ‘யாரையாவது வேலைக்குச் சேர்த்ததுண்டா?’ இல்லை. இருபத்தாறு ஆண்டுகள் அதிகாரி என்று நினைத்துக்கொண்டு மிடுக்காக நடந்தவன், எனக்கு எந்த அதிகாரமும் இருந்ததில்லை என்று பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை.

பதினான்கு மாதம் கழித்து, பணம் கொடுத்துச் சமரசமாக முடித்தார்கள். வேலை திரும்பக் கிடைக்கவில்லை, நானும் கேட்கவில்லை. மென்பொருள் நிறுவனங்களிலிருந்து வெளியேற்றப்படுபவர்கள் இந்த 41ஆம் பிரிவை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பலர் ‘நாங்கள் தொழிலாளி இல்லையே’ என்று முப்பது நாளை விட்டுவிடுகிறார்கள்.

17 ஜூன் 2025

கேட்டவர் மூன்று வழக்கறிஞர்களைப் பார்த்துவிட்டு வந்து, எதை வைத்து முடிவு செய்வது என்கிறார். என் அளவுகோல் இதுதான். உள்விசாரணையின் நடவடிக்கைப் பதிவு முழுவதையும் கொடுங்கள். ஒரு வாரம் கழித்துப் போங்கள். படித்திருக்கிறாரா என்று பாருங்கள். படித்தவர் உடனே கேட்கும் கேள்வி, விசாரணை அதிகாரியும் நிர்வாகத்தின் பிரதிநிதியும் யார் என்பதாகத்தான் இருக்கும். நிர்வாகத்துக்காகச் சட்டம் படித்த ஒருவர் வழக்கை எடுத்துச்சொன்னால், தொழிலாளிக்கும் வழக்கறிஞர் உதவி மறுக்கப்படக் கூடாது என்று பம்பாய்த் துறைமுக வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்கள் தம்பிக்கு உடன் வேலை செய்பவர் ஒருவரைத்தான் உதவிக்கு அனுமதித்திருக்கிறார்கள்; எதிரே பேசியவர் சட்டம் படித்தவரா என்று கண்டுபிடியுங்கள். விசாரணை நியாயமாக நடந்ததா என்பதைத்தான் நீதிமன்றம் முதலில் பார்க்கும். அது தாண்டினால் 11ஏ பிரிவு, 1971இல் வந்தது, குற்றம் நிரூபணமானாலும் தண்டனை மிகையென்றால் நீதிமன்றம் குறைக்கலாம். ஒன்பது ஆண்டு சுத்தமான பதிவேடு அங்கே பேசும்.

மனுவில், இப்போது தம்பி வேறு எங்கும் வேலையில் இல்லை என்ற வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். சம்பள பாக்கி கேட்பவர் அதைச் சொல்லியாக வேண்டும் என்பது 2013இல் தீபாலி சுர்வசே வழக்கில் வந்த தீர்ப்பு. சொல்லிவிட்டால் மறுத்து நிரூபிக்க வேண்டியது நிர்வாகத்தின் சுமை. நான் பார்த்த வழக்குகளில் எங்கள் பக்கம் வென்ற சில, எதிர்த்தரப்பு இந்த ஒரு வரியை எழுத மறந்ததால் வென்றவை.

கட்டணத்தைப் பற்றித் தயங்காமல் பேசுங்கள். மொத்தமாகவா, வாய்தாவுக்கா, உயர் நீதிமன்றம் போனால் தனியா என்று எழுதி வாங்குங்கள். தம்பியை மீண்டும் வேலையில் சேர்க்கச் சொல்லித் தீர்ப்பு வந்தால் நிர்வாகம் கட்டாயம் உயர் நீதிமன்றம் போகும். அப்போது 17பி பிரிவின்படி, வழக்கு முடியும்வரை கடைசியாக வாங்கிய சம்பளத்தை மாதாமாதம் கொடுக்க வேண்டும். அதற்கு மனுப் போடுவாரா என்றும் இப்போதே கேளுங்கள்.

18 ஜூன் 2025

நேற்று எழுதியதைப் படித்தால் நான் தொழிலாளர் பக்கத்து வழக்கறிஞர்கள் எல்லோரையும் முனிவர்களாக்கிவிட்டது போலத் தெரிகிறது. அப்படியில்லை. கட்டைத் திறக்காமலேயே ஆறு வாய்தா வாங்கியவர்களையும் பார்த்திருக்கிறேன். எங்களுக்கு வசதியாகவே இருந்தது.

23 நவம்பர் 2025

ஐந்து மாதம் கழித்து இந்த இழைக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் மேலே நான் எழுதியவற்றில் பாதியின் கீழிருந்து தரை நகர்ந்துவிட்டது. 21ஆம் தேதி நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்துவிட்டதாக மத்திய அரசு அறிவித்திருக்கிறது. 29 சட்டங்கள் உள்ளே போய்விட்டன. தொழிற்தகராறுகள் சட்டமும் அவற்றில் ஒன்று. புதிதாக இந்த இழையைப் படிப்பவர்கள் 15 மார்ச் குறிப்பை அப்படியே நம்பிவிட வேண்டாம். மூன்றாண்டு என்று சொன்ன காலக்கெடு, நான்கில் ஒன்றான தொழிலுறவுத் தொகுப்பில் இரண்டாண்டு. அது தாண்டினால் சமரச அலுவலர் எடுக்கமாட்டார். சமரச அறிக்கை கிடைத்த 90 நாளுக்குள் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். தீர்ப்பாயத்தில் நீதித்துறை உறுப்பினர் ஒருவர், நிர்வாகத்துறை உறுப்பினர் ஒருவர். மேற்பார்வையாளர் ‘தொழிலாளி’ ஆவதற்கான சம்பள வரம்பு பத்தாயிரத்திலிருந்து பதினெட்டாயிரமாகிறது. ஆட்குறைப்புக்கும் மூடலுக்கும் அரசின் முன் அனுமதி, முந்நூறு பேருக்குக் குறையாத இடங்களில்தான்.

மாறாதவை: கடைகள் சட்டமும் 480 நாள் சட்டமும் மாநிலச் சட்டங்கள்; அந்த 29 சட்டங்களின் பட்டியலில் அவை இல்லை. வழக்கறிஞர் சமரசத்துக்கு வரக் கூடாது, தீர்ப்பாயத்துக்கு எதிர்த்தரப்பின் ஒப்புதலோடுதான் வரலாம் என்பதும் 94ஆம் பிரிவாகப் புதிய தொகுப்புக்குள் உட்கார்ந்திருக்கிறது. இதற்கிடையில், தொகுப்புகளை விளக்கும் கருத்தரங்குக்கு வருமாறு ஒரு பெரிய சட்ட நிறுவனத்திடமிருந்து எனக்கும் அழைப்பு வந்திருக்கிறது. நான் இன்னும் பணியாளர் துறையில் இருப்பதாக அவர்கள் பதிவேடு சொல்கிறது போலும்.

30 நவம்பர் 2025

கேட்டவர் எழுதியிருக்கிறார். மனு ஜூனிலேயே பழைய சட்டத்தின்கீழ்த் தாக்கலாகிவிட்டது. ஒரே அறையில் தொழில் செய்யும் பெண் வழக்கறிஞர் ஒருவரை அமர்த்தியிருக்கிறார்கள். விசாரணையில் நிர்வாகத்துக்காகப் பேசியவர் சட்டப் பட்டதாரி என்பதைக் கண்டுபிடித்தவர் அவர்தான். எதிரே அந்தப் பெரிய நிறுவனம் வக்காலத்து போட்டிருக்கிறது. இப்போது சங்கத் தோழர்கள், ‘36ஆம் பிரிவைக் காட்டி ஒப்புதல் மறுத்துவிடலாமா’ என்று கேட்கிறார்களாம்.

மறுக்கலாம். நான் நிர்வாகத்தில் இருந்தபோது அப்படி ஒருமுறை மறுத்தார்கள். எங்கள் வழக்கறிஞர் வெளியே போய் நின்றார், ஒரு மாதத்தில் கூட்டமைப்பின் அலுவலராக உள்ளே வந்தார். நீங்கள் மறுத்தால் அவர்களும் மறுப்பார்கள். உங்கள் வழக்கறிஞருக்குப் பக்கவாசல் கிடையாது, சங்க நிர்வாகிதான் குறுக்கு விசாரணை செய்ய வேண்டியிருக்கும். சங்கம் பலவீனமாக இருக்கிறது என்று மார்ச்சில் நீங்களே எழுதினீர்கள். ஒப்புதல் கொடுங்கள், அவர்களிடமிருந்தும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எதிருரை தாக்கலானதும் ஒப்பிட்டுப் பார்க்க, தம்பியின் ஒன்பது ஆண்டுச் சம்பளச் சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கிவையுங்கள். வாடகைப்படி எந்த மாதத்திலாவது விடுபட்டிருக்கிறதா என்று நான் பார்த்துத் தருகிறேன்.